மரக்காணத்துக்கு நேரடி விமானம் இல்லை

1

சென்ற வாரம் என் மகள் நஸ்ரீன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். ‘என் குடும்பம் எங்கிருந்து வந்தது?’ என்று தலைப்பு. கீழே கட்டம் கட்டமாகக் கேள்விகள். ஊர் எது, இங்கிருந்து எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இதற்கெல்லாம் தகப்பன் தேவைப்படுவதில்லை. ஊர் என்ற இடத்தில் ‘சென்னை’ என்று எழுதினாள். மரக்காணம் என்று எழுதச் சொன்னேன். அந்தக் கட்டத்துக்குள் அவ்வளவு எழுத்து கொள்ளாது என்றாள். பிறகு போனில் டொரண்டோ, சென்னை என்று இரண்டு பெயர்களைத் தட்டினாள். பதிமூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று வந்தது. நேரம், வழியில் ஒரு விமானம் மாறி, இருபத்திரண்டு மணி. இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

இருபத்திரண்டு தப்பு, நாற்பது என்று போடு என்றேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எங்கள் வீட்டில் போன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. இருந்தாலும் விளக்கிப் பார்த்தேன். வீட்டிலிருந்து விமான நிலையம் வரை உள்ள நெரிசல், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்பது, சென்னையில் பெட்டி வருகிற வரைக்கும் காத்திருப்பது, அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். இந்தத் தாள் பயண நேரத்தைத்தான் கேட்கிறது, உங்கள் கஷ்டத்தைக் கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த இருபத்திரண்டோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன்.

2

என் அத்தா அப்துல் ரஹீம், மரக்காணத்தில் உப்பு ஏஜெண்ட். பாத்தியில் வாரிக் குவித்த உப்பை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிற வேலை. உப்பு ரஹீம் பாய் என்றால் திண்டிவனம் வரைக்கும் தெரியும். அவருக்குக் கிலோமீட்டர் என்பது அரசாங்கம் கல்லில் எழுதி வைக்கிற சமாச்சாரம். தூரம் என்றால் மணிதான். பெங்களூர் எட்டு மணி நேரம், மதுரை ஏழு, கொச்சின் பதினாலு. டீக்கடை கண்ட இடத்திலெல்லாம் வண்டியை ஓரங்கட்டுகிற டிரைவராக இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் கனடா போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை மணி நேரம் என்பதுதான். டிக்கெட்டில் போட்டிருந்ததைப் பார்த்து இருபத்திரண்டு என்றேன். கொச்சினுக்கு லோடு போய்த் திரும்புகிற நேரம்கூட இல்லையே என்று நிம்மதியாகிவிட்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பெரியவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே பனிக்காலத்தில் வழுக்காமல் இருப்பதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். முதல் வருஷம் அதைப் போனில் சொன்னபோது, ரோட்டிலா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, மூட்டையில் வருகிறதா, லூஸில் வருகிறதா என்று கேட்டார். லூஸில், லாரி லாரியாக என்றேன். மறுநாள் உப்பளத்தில் இதை அவர் சொல்ல, அங்கே வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசி, பாய் மகனுக்கு அங்கே வேலை சரியாக அமையவில்லை போலிருக்கிறது, அதனால்தான் இப்படியெல்லாம் பேசுகிறான் என்று முடிவுக்கு வந்தார்களாம்.

அத்தா பக்கத்தில்தான் என்று சொன்னதைப் போல, டொரண்டோவில் நானும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊர் எது என்று யார் கேட்டாலும் சென்னை என்பேன். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை அப்படியே விழுங்கிவிடுவேன். பதிமூவாயிரத்தில் அது ஒரு சில்லறைதானே என்று நினைப்பு.

3

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரியில், அம்மா மவுத்தானார். ஊரில் விடியற்காலை, ஃபஜ்ரு தொழுகைக்கு முன்னால். இங்கே அப்போது முந்தைய நாள் மாலை ஆறரை. தம்பி ஹாஜா போனில் அழுதுகொண்டே, அண்ணே, நீ வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையில் என்ன எழுதியிருந்ததோ அதைச் சொன்னேன். இருபத்திரண்டு.

எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அப்படி வைத்திருப்பதில்லை. காலையில் மவுத் என்றால் சாயங்காலத்துக்குள் அடக்கம். ஆனால் அத்தா, மூத்தவன் வரட்டும், ஒரு நாள்தானே என்று சொல்லிவிட்டார். திண்டிவனத்திலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள்.

அன்றிரவு எங்கள் விமானத்தின் இறக்கையில் பனி உறைந்து, அதைச் சுரண்டிக் கழுவிக் கிளப்ப மூன்று மணி நேரம் ஆனது. வளைகுடாவில் இறங்கி ஓடினேன். அடுத்த விமானத்தின் கதவை அடைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது நின்றுகொண்டுதான் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் ஒரு சாப்பாட்டுக் கூப்பனை நீட்டி, அடுத்தது பத்து மணி நேரம் கழித்து, எங்கள் ஓய்வறையில் வாசனைச் சிகிச்சை இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

அங்கிருந்து ஹாஜாவுக்குப் போன் செய்தேன். அத்தா போனை வாங்கவில்லை. சரி, மதியம் லுஹருக்கு எடுத்துடலாம் என்று அவர் பின்னால் நின்று சொன்னது மட்டும் கேட்டது.

நான் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியபோது இரவு இஷா தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஹாஜா நேராகக் கபர்ஸ்தானுக்கு அழைத்துப்போனான். ஈரமண். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. போன் வந்ததிலிருந்து வாசல் வரைக்கும் நாற்பது மணி நேரம் ஆகியிருந்தது.

அத்தா என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டியா என்றார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பெரியவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று சொல்வதை நிறுத்திவிட்டார் என்று ஹாஜா சொன்னான்.

4

அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, முந்தின வருஷம் டிசம்பரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கெட் உப்பு, பிளாஸ்டிக் கரண்டி. உப்பு ரஹீம் பாயின் மகன் உப்பை மண்ணில் போட்டு மிதித்துக்கொண்டிருக்கும்போது ஹாஜாவின் போன் வந்தது. மழையில் நனைந்து அத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்குகிறது, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் கையை விரிக்கிறார் என்றான்.

நான் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். எங்கள் அலுவலகத்தில் விடுப்பு என்றால் லிண்டாவிடம்தான் போகவேண்டும். நல்ல பெண்மணி. ஒரு முறை ஆரோவில்லுக்கு யோகா கற்கப் போய், குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். அதனால் என் ஊர் தனக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். போவது ஒன்றும் சிரமமில்லை, வழியெல்லாம் தூங்கிவிட்டேன் என்று என்னைத் தைரியப்படுத்தவும் செய்வாள்.

பதற்றத்தில் நம்மூர் ஆங்கிலம் வந்துவிட்டது. மை ஃபாதர் இஸ் அபௌட் டு எக்ஸ்பயர் என்று சொன்னேன். லிண்டா கவலையோடு, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது, புதுப்பிக்க விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேட்டாள். அத்தாவின் விசாவைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

புரியவைத்தேன். உடனே எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். நோயாளியின் பெயர் என்ன என்றாள். ரஹீம். அது உன் பெயர் அல்லவா என்றாள். இங்கே குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டிவந்தபோது நான் அத்தாவின் பெயரைப் போட்டேன். பதினாறு வருஷமாக இந்த ஊர் என்னை மிஸ்டர் ரஹீம் என்றுதான் கூப்பிடுகிறது. படிவத்தில் ரஹீம் சாகக் கிடப்பதால் ரஹீமுக்கு விடுப்பு வேண்டும் என்று வந்தது. அதைச் சரிசெய்யக் கால் மணி நேரம் ஆனது.

பிறகு அவள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். நெருங்கிய உறவினர் மறைவுக்கு மூன்று நாள் விடுப்பு உண்டு. அவர் இறந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் முகம் வாடியது. இறந்த தேதியைப் போடாமல் இந்தப் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். சாகப் போகிறவருக்கு என்று ஒரு படிவம் இல்லை. கடைசியில் சுற்றுலா விடுமுறை என்ற தலைப்பில் போட்டு அனுப்பினாள். அந்தப் படிவத்தை அனுமதித்ததும் ‘இனிய விடுமுறை அமையட்டும்’ என்று கம்ப்யூட்டரே எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியது. கீழே ஒரு தென்னைமரப் படம்.

விமான நிலையத்தில் என் வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் பார்த்த பையன் அதிலிருந்த படத்தின் தலைமுடியையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். நான்தான் என்று சொன்னேன். மேலதிகாரி ஒருவர் வந்து அவரும் பார்த்தார். பிறகு பதின்மூன்று மணி நேரம், முன்சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு விமானப் பொம்மை நகர்வதைப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மாவுக்காகப் போனபோதும் அதையேதான் பார்த்தேன். அது நகரவே நகராது.

5

மரக்காணம் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அத்தா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஆட்டுக்கால் பாயாவில் இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தார். முந்தின நாளே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். நான் ஆகாயத்தில் இருந்ததால் தகவல் வரவில்லை.

வீடு நிறைய ஆட்கள். சாவுக்கென்று வந்தவர்கள், அது நடக்காமல் போனதில் என்ன செய்வதென்று தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜா யார் கண்ணையும் பார்க்கவில்லை. பயத்தில் கபர் தோண்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். அது எப்படியோ அத்தா காதுக்குப் போய்விட்டது.

அத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தன மணி நேரம் ஆச்சு?” என்றார்.

போன் வந்ததிலிருந்தா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நாற்பத்தொன்று.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, பள்ளிவாசல் அஜரத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அஜரத்து வந்ததும் அத்தா சுற்றி வளைக்காமல், ஒரு மையத்தை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று கேட்டார். சீக்கிரம் அடக்குவதுதான் முறை, நெருங்கின சொந்தம் பக்கத்து ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார் அஜரத்து. கொஞ்சம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அத்தா விடவில்லை. லோடு பேசுகிற மாதிரி பேசினார். அஜரத்து எந்த எண்ணும் சொல்ல மறுத்துவிட்டார்.

தன்மேல் இருக்கிற கோபத்தைக் குறைக்க நினைத்தோ என்னவோ, ஹாஜா வாயைத் திறந்தான். இப்போது புது மாதிரி ஐஸ் பெட்டி வந்திருக்கிறது, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் என்றான்.

“ஐஸ் பொட்டில போட நான் என்னா வஞ்சிரமா?” என்றார் அத்தா.

கட்டிலுக்குப் பக்கத்தில் விநாயகம் உட்கார்ந்திருந்தார். எக்கியார்குப்பத்து மீனவர். கருவாட்டுக்கு உப்பு வாங்க வந்து நாற்பது வருஷமாக அத்தாவுக்குச் சினேகிதர். “வஞ்சிரத்தையே நாங்க ரெண்டு நாளுக்கு மேல வெக்கிறதில்ல பாய்” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அஜரத்துகூடத் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

“உங்கம்மாவ வெச்சேன்” என்றார் என்னைப் பார்த்து. “ஃபேன் போட்டாலே போத்திக்குவா அவ. அவள அந்தப் பொட்டில வெச்சிகினு ஒரு நாள் பூரா பக்கத்துல ஒக்காந்திருந்தேன். நீ வந்துடுவன்னு.”

கையிலிருந்த டீயை விநாயகம் கீழே வைத்தார்.

“உன்ன சொல்லலப்பா. வெயிட் பண்ணலாம்னு சொன்னது நான்தான். அந்தத் தப்ப எனக்கும் செஞ்சிடாதீங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் மவுத்தானா நீ வராத. நான் இருக்கசொல்ல வா. ஒண்ணும் இல்லாதப்ப வா. வந்து ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போ. அது போதும்.”

ஏஜெண்டுகள் பேரம் முடிந்தால் கை கொடுப்பது வழக்கம். அத்தா கையை நீட்டினார். அஜரத்தும் விநாயகமும் சாட்சியாக இருக்க, நான் பிடித்துக் குலுக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. நிம்மதி. இனிமேல் அந்த ஓட்டம் ஓட வேண்டாம் என்ற நிம்மதி. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

6

இரண்டே மாதத்தில், பிப்ரவரியில், நஸ்ரீனை அழைத்துக்கொண்டு போனேன். என் மனைவி சபீனாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஒன்றும் இல்லாதபோது ஊருக்குப் போவது எவ்வளவு சந்தேகத்துக்குரிய காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. நஸ்ரீனின் பள்ளியில், நடுவருஷத்தில் இரண்டு வாரம் எதற்கு, குடும்பத்தில் துக்கமா என்று அனுதாபத்தோடு கேட்டார்கள். இல்லை, தாத்தா நலமாக இருக்கிறார் என்று எழுதிக்கொடுத்தேன். அப்படியென்றால் காரணம் என்ன என்று மறுபடி கடிதம் வந்தது. சென்னை விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவர், என்னா சார், கல்யாணமா என்றார். சும்மாதான் என்றேன். குத்தப் போனவர் நிறுத்திவிட்டு என் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

ஊரில் மூன்றே நாளில் மூன்று கதைகள் கிளம்பின. எனக்கு அங்கே வேலை போய்விட்டது. எனக்கும் சபீனாவுக்கும் சண்டை. அத்தாவின் மனையை விற்க வந்திருக்கிறேன். மூன்றாவது கதையை நம்பி, குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்துகிற என் மச்சான் ஒருவன் பைக்கில் வந்து, வெள்ளைக்காரப் பார்ட்டி இருக்குது, பேசட்டுமா என்று காதில் கேட்டுவிட்டுப் போனான்.

அத்தாவுக்கும் எனக்கும் முதல் நாள் பேச நிறைய இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் இருந்தது. மூன்றாம் நாள், நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு எரிச்சலாகிவிட்டது. ஐந்தாம் நாள் பிரஷர் மாத்திரை விஷயமாகச் சண்டை போட்டோம். அவர் ஒரு வேளை முழுக்க என்னோடு பேசவில்லை. டொரண்டோவில் இருந்துகொண்டு போனில் பதினாறு வருஷம் பேசியதில் ஒரு முறைகூட நாங்கள் சண்டை போட்டதில்லை. போனில் அதற்கு நேரம் இருந்ததில்லை.

நஸ்ரீன் அவரைத் தாதா என்று கூப்பிடுவாள். அவளுடைய தமிழில் மரியாதை விகுதிக்கெல்லாம் இடமில்லை. தினமும் காலையில், “தாதா, எப்படி இருக்கு?” என்று கேட்பாள். நான் திருத்தப் போனபோது அத்தா தடுத்துவிட்டார். “நல்லா இருக்கு” என்று அவளுடைய இலக்கணத்திலேயே பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று. உப்பளத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். மழைத் தண்ணீர் வடிந்து, பாத்திகளைப் புதிதாக மிதித்துக் கெட்டிப்படுத்துகிற சமயம். மிதிக்கிற பெண்களோடு அவளையும் இறக்கிவிட்டார். பத்து நிமிஷம் மிதித்துவிட்டு, காலில் எரிகிறது என்று கரையேறிவிட்டாள். இந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்வார்கள் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். இது எங்க வீட்டுப் பொண்ணுதான் என்று அத்தா விநாயகத்திடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஒன்பதாம் நாள் மதியம் அவருக்குக் கால் நகம் வெட்டிவிட்டேன். அவரால் குனிய முடியவில்லை. ஐம்பது வருஷம் உப்பிலேயே நின்ற கால். நகம் கொம்பு மாதிரி இருந்தது. சின்ன நகவெட்டி உள்ளேயே நுழையவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒட்ட வெட்டுகிறாய் என்று ஒவ்வொரு விரலுக்கும் குறை சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் அதற்கு முன் நான் அவர் காலைத் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

கிளம்புகிற அன்று அவர் வாசலுக்கு வரவில்லை. லாரி டிரைவர் யாரோ வழியில் வண்டியை நிறுத்திவிட்டான் போலிருக்கிறது. போனில் அவனோடு சத்தம் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார்.

7

போன ஆகஸ்டில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு ஹாஜாவின் போன் வந்தது. ஊரில் மதியம் மூன்று. லுஹர் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இஷாவுக்குப் பிறகு அடக்கம் என்றான். அழவில்லை. “அண்ணே, நீ வராத. அத்தா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குதில்ல?” என்றான்.

இருக்கிறது என்றேன். வைத்துவிட்டு, நேராகப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அன்றைக்கே டிக்கெட் இருந்தது. இருபத்திரண்டு மணி நேரம் என்றுதான் அது இப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று எல்லாவற்றையும் போட்டேன். ஜன்னலோரமா, நடைபாதையோரமா என்று கேட்டது. இந்த விலை இன்னும் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் என்று மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

சபீனா பின்னால் வந்து நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினான்கு, பதிமூன்று என்று இறங்கியது. அம்மாவுக்கும் சேர்த்து இந்த ஒரு தடவை ஓடிவிடலாம் என்று இருந்தது. போய் எதைப் பார்க்கப் போகிறேன் என்றும் இருந்தது. அத்தா நீட்டிய கை உள்ளங்கையில் சொரசொரப்பாக இருந்தது ஞாபகம் வந்தது. பூஜ்யம் வந்ததும், உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் தேடவும் என்று அது சொன்னது. நான் மூடிவிட்டேன்.

எட்டரை மணிக்கு லிண்டாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த முறை ஒழுங்கான ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். படிவம் தடையில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. எப்போது விமானம் என்று கேட்டாள். போகவில்லை என்றேன். அப்படியென்றால் இந்த மூன்று நாளில் என்ன செய்யப் போகிறாய் என்றாள்.

டயர் கடைக்கும் ஒரு பெயிண்ட் குடோனுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிவாசல். காரில் நஸ்ரீனும் சபீனாவும் வந்தார்கள். அங்கே யாருக்கும் அத்தாவைத் தெரியாது. சோமாலியாக்காரர் ஒருவர், இரண்டு பாகிஸ்தானியர், ஒரு குஜராத்திப் பெரியவர். மிஸ்டர் ரஹீமுடைய தகப்பனாருக்காக என்று சொல்லி எங்களோடு நின்று துஆ கேட்டார்கள். நஸ்ரீன் சத்தம் வராமல் அழுதாள். தாதாவுக்கு இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டாள். குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள் என்றேன். வெந்நீரிலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பதினொன்றரை மணிக்கு ஹாஜா கூப்பிட்டான். முடிந்தது என்றான். கூட்டம் நல்ல கூட்டமாம். உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்களாம். குப்பத்திலிருந்து விநாயகம் ஒரு வேன் பிடித்து ஆட்களோடு வந்து, கபர்ஸ்தான் வரைக்கும் நடந்தாராம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசியில் இன்னொன்றும் சொன்னான்.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்குவதற்கு முன்னால் அஜரத்து கூட்டத்தைப் பார்த்து, வழக்கமாகக் கேட்பதுதான், “வெளியூர்லேருந்து யாராச்சும் வரவேண்டியது இருக்குதா?” என்று கேட்டாராம். எல்லோரும் ஹாஜாவைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

“இல்லீங்க அஜரத்து” என்றானாம் ஹாஜா. “எங்கண்ணன் பிப்ரவரியிலயே வந்துட்டுப் போயிட்டாரு.”